வளர்ந்தோர் பயிற்சியும் ‘அனுபவம்’ என்ற எண்ணக்கருவும்: நோல்ஸ், பிறெயிரே பற்றிய ஒரு நோக்கு

தொழில்சார் பயிற்சிநெறிகளை வகுப்போரிடையே பெருவழக்கிலுள்ள சொற்களுள் முதன்மையானது ‘அனுபவம்’ என்பதாகும். வளர்ந்தோர் வெறுங்கையுடன் வகுப்பறைக்கு வருவதில்லை; தமது தொழிலையும் வாழ்க்கையையும் சுமந்தே வருகின்றனர்; ஆகவே பயிற்சி அவர்தம் அனுபவத்தினின்றே தொடங்கவேண்டும் என்பர். இதனை மறுப்பார் இலர். ஆயின் ஒரு சொல் எல்லோராலும் ஏற்கப்படும்போதுதான், அது யாருக்காக உழைக்கிறது என்று வினவவேண்டியுள்ளது. இலக்கிய விமரிசனத்துக்கு இது பழகிய பணி.

வளர்ந்தோர் கற்பித்தலைத் தனியொரு துறையாக நிறுவ முயன்றோருள் அமெரிக்கரான மல்கம் நோல்ஸ் முக்கியமானவர். ‘அன்ட்ரகொஜி’ என்ற பெயர் அவர் ஆக்கியதன்று. ஜேர்மன் ஆசிரியரான அலெக்சாண்டர் கப் 1833 இலேயே அதனைக் கையாண்டுள்ளார். எனினும் அதற்குப் பரந்த செல்வாக்கைத் தேடித்தந்தது 1970 இல் வெளிவந்த நோல்ஸின் ‘வளர்ந்தோர் கல்வியின் நவீன நடைமுறை’ என்ற நூலே. வளர்ந்தோர் தம்மைத் தாமே நெறிப்படுத்த விழைபவர். உடனடிப் பிரச்சினையொன்றைத் தீர்க்கவே கற்பவர். ஆதலின் தேவைகளை இனங்காண்பதிலும், நெறியைத் திட்டமிடுவதிலும், மதிப்பிடுவதிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது அவர் வாதம். விரிவுரையே பயிற்சியென மயங்கியிருந்த நிறுவனங்களுக்கு இது வேண்டிய அடிதான்.

1970 ஆம் ஆண்டுப் பதிப்பின் துணைத்தலைப்பு அன்ட்ரகொஜியைச் சிறுவர் கற்பித்தலுக்கு எதிர்நிலையில் வைத்தது. 1980 ஆம் ஆண்டுப் பதிப்பிலோ ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் பாதையாக அது மாற்றப்பட்டது. தம் கருத்தைத் திருத்திக்கொண்ட அவரது நேர்மை பாராட்டத்தக்கது. ஆயின் திருத்தம் வயது பற்றியதேயன்றிச் சமூகம் பற்றியதன்று. நோல்ஸ் காட்டும் மாந்தருக்கு அனுபவம் உண்டு, வர்க்கம் இல்லை. தனியாள், நிறுவனம், சமூகம் ஆகிய மூன்றின் தேவைகளும் கருதப்படவேண்டும் என்று அவர் கூறுவது உண்மையே. எனினும் அவை பேசித் தீர்க்கத்தக்க வேறுபாடுகளாகவே அவருக்குத் தோன்றுகின்றன.

நம் பல்கலைக்கழகங்களிற் புதிதாகச் சேரும் விரிவுரையாளரும் இத்தகைய பயிற்சிநெறிகளைப் பின்பற்றுகின்றனர். நான் பின்பற்றிய நெறியில், முதல்நாளன்றே எமது தேவைகள் யாவை எனக் கேட்கும் படிவம் தரப்பட்டது. ஒலிவாங்கி இல்லாத மண்டபத்தில் 150 மாணவருக்குக் கற்பிப்பதே தம் பிரச்சினை என்று ஒருவர் எழுதினார். அது பயிற்சித் தேவையன்று, நிருவாகப் பிரச்சினை என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அனுபவம் வரவேற்கப்பட்டது, அதன் காரணங்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன.

இவ்விடத்திலேதான் பாவுலோ பிறெயிரேயின் முக்கியத்துவம் புலப்படுகிறது. 1963 இல், பிறேசிலின் வடகிழக்கிலுள்ள அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவூட்ட அவரது குழுவினர் முயன்றனர். எழுத்தறியாதோருக்கு அன்று அந்நாட்டில் வாக்குரிமை இல்லையென்பதை மறந்துவிட்டு அம்முயற்சியை மதிப்பிட முடியாது. பிறெயிரேயின் முறையில் ஆய்வு முதலில், பாடம் பின்னர். ஊராரோடு உரையாடி, அவர்களது வாழ்விற் கனமேறிய சொற்கள் திரட்டப்படும். செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ என்ற போர்த்துக்கேயச் சொல் அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. முதலில் கட்டட வேலைக் காட்சியொன்று காட்டப்பட்டு விவாதிக்கப்படும். பின்னரே சொல் தி-ஜோ-லோ என அசைகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வோர் அசையிலிருந்தும் அதன் இனவசைகள் விரியும். அவற்றைக் கூட்டிக் கற்போரே புதுச்சொற்களை ஆக்குவர். செங்கல்லை அடுக்குபவர் அச்சொல்லை எழுதக் கற்குமுன்னரே, வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. இங்கு அனுபவம் பாடத்துக்கான மூலப்பொருளன்று. ஆராயப்படும் பொருளே அதுதான்.

பிறெயிரேயைப் புனிதராக்குவதும் தவறு. அங்கிக்கோஸ் திட்டத்துக்கு அமெரிக்க உதவிப்பணமும் கிடைத்தது என்பதை நம் முற்போக்காளர் பலர் சொல்வதில்லை. 1968 இல் சிலியிற் புகலிடம் பெற்றிருந்தபோது அவர் எழுதிய ‘ஒடுக்கப்பட்டோருக்கான கற்பித்தலியல்’ நூலிலும், ஒடுக்குவோர்-ஒடுக்கப்பட்டோர் என்ற இருமை, உற்பத்தியுறவுகளின் திட்டவட்டமான பகுப்பாய்வின் இடத்தைப் பல சந்தர்ப்பங்களிற் பிடித்துக்கொள்கிறது. ஆயினும் அவரை வெறும் உத்திகளின் தொகுதியாகக் குறுக்குவதே இதனினும் பெருந்தவறு. வட்டமாக அமர்த்துதல், படம் காட்டுதல், குழுவாகப் பேசவைத்தல் ஆகியவற்றோடு பிறெயிரே முடிந்துவிடுவதாகப் பயிற்சிக் கைந்நூல்கள் பல கருதுகின்றன.

இதன் விளைவைப் பிறேசிலே காட்டியது. 1964 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பிறெயிரே சிறைவைக்கப்பட்டுப் பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதே இராணுவ அரசு 1967 இல் மொபிறால் எனும் எழுத்தறிவு இயக்கத்தை நிறுவியது. படமும், அதைச் சார்ந்த சொல்லும், அசைப்பிரிப்பும் அதிலும் இருந்தன. ஆயின் சொற்களைத் தேடி எவரும் ஊருக்குள் செல்லவில்லை. அவை மேலிருந்து வந்தன. காட்சியைப் பற்றி வினா எழுப்பும் வேளையும் நீக்கப்பட்டது. இராணுவ ஆட்சி 1985 இல் முடிவுற்றது. மொபிறால் கலைக்கப்பட்டதும், எழுத்தறியாத பிறேசிலியர் வாக்குரிமை பெற்றதும் அதே ஆண்டிலேயாகும்.