"கவனம்" என்று எழுதினால் போதுமா?

ஆரணியில் பட்டுத் தறி ஒலிக்கும் தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டியும், கயிற்றில் கோத்த துளை அட்டைகளும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளை இல்லையேல் எழாது. "பார்த்து நெய்" என்று எந்த அட்டையிலும் எழுதியிருப்பதில்லை. எழுதினாலும் தறிக்கு விளங்காது.

அண்மையில் நான் படித்த ஒரு கருவிக் குறிப்பு இந்த அட்டைகளை நினைவூட்டியது.

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல், இட்ட வேலையைக் கணினியில் தானே செய்யும் மென்பொருள். அதன் மூளையான மொழி மாதிரிக்குக் கைகள் கிடையா. கோப்பைப் படிக்க ஒரு கருவி, எழுத ஒரு கருவி என நாம்தான் கொடுக்க வேண்டும். கருவி ஒவ்வொன்றுடனும் சில வரி விளக்கம் செல்லும். கருவி எப்படிப்பட்டது என்பதை மொழி மாதிரி அந்த வரிகளிலிருந்தே அறிகிறது. ஆகவே இந்த விளக்கம், வானொலிப் பெட்டியுடன் வரும் கையேடு போன்றதன்று. அது கருவியின் ஓர் உறுப்பு.

கருவிகளை மொழி மாதிரிகளுடன் இணைப்பதற்காக 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் எடுத்துக்காட்டுத் தொகுப்புகளுள் ஒன்று கோப்புகளைக் கையாள்வது. அதில் உள்ள 'ரைட் ஃபைல்' கருவியின் விளக்கம் கூறுவது இதுதான்: புதிய கோப்பை உண்டாக்கும், அல்லது இருப்பதை முழுவதும் அழித்து எழுதும், எச்சரிக்கையின்றி அழிக்குமாதலால் கவனமாகப் பயன்படுத்தவும், அனுமதித்த கோப்புறைகளுக்குள் மட்டுமே இயங்கும்.

இதில் பாராட்டத்தக்கவை இரண்டு. ஆபத்தை மறைக்கவில்லை. எல்லையையும் வெறும் சொல்லாக விடாமல் நிரலிலேயே கட்டியிருக்கிறார்கள்.

குறை எங்கே? 'கவனம்' என்ற சொல்லில். ஆய்வகத்தில் மாணவனிடம் "கவனம்" என்றால் அவன் கை ஒரு கணம் தயங்கும். முகவருக்குத் தயக்கம் போதாது, செயல் வேண்டும். 'முதலில் அப்பெயரில் கோப்பு உண்டா எனப் பார், இருந்தால் படி, சிறு திருத்தமாயின் திருத்தும் கருவியைப் பயன்படுத்து, முழுவதும் அழிப்பதாயின் உரியவரைக் கேள்' என்று எழுதியிருக்கலாமே!

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. கோப்பைத் திருத்தும் கருவியில் ஒத்திகை வசதி உண்டு. மாற்றம் எப்படி அமையும் என்பதை, கோப்பைத் தொடாமலே காட்டும். எப்போதும் ஒத்திகை பார்த்த பின்னரே திருத்துக என்று மனிதருக்கான கையேடு அறிவுரை கூறுகிறது. ஆனால் நான் படித்தபோது, மொழி மாதிரிக்குச் செல்லும் விளக்கத்தில் அந்த அறிவுரை இல்லை. கேட்டாலொழிய ஒத்திகை நடக்காதபடியே கருவியும் அமைந்திருந்தது. நெய்பவர் ஒருவர், குறிப்பு மற்றொருவர் கையில் என்றால் சேலை என்னவாகும்?

விளக்கம் நீண்டால் மொழி மாதிரி படிக்க வேண்டியதும் செலவும் கூடுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் நான்கு வரி கூடுவது ஒரு கோப்பு போவதைவிட மலிவு. அதே நிறுவனத்தின் 'கிளாட் கோட்' இதற்கு நல்ல வழி காட்டுகிறது. இருக்கும் கோப்பை முதலில் படிக்காமல் அதன்மேல் எழுத முயன்றால் எழுதும் கருவியே மறுத்துவிடும். விளக்கமும் அதைச் சொல்லிவிடும். சொல்லும் பொறியும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. சேலை வடிவங்கள் இன்று கணினியில் வரையப்படுகின்றன. பல நாள் உழைப்பில் வரைந்த முந்தானைக் கோப்பில் ஒரு பூவை மாற்றச் சொல்லி, முகவர் முழுக் கோப்பையும் அழித்தெழுதிவிட்டால், வேறு படி எடுத்து வைக்காதவருக்கு அந்த உழைப்பு போனதுதான்.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய கருவிகளைப் படைப்பீர்கள். எழுதிய விளக்கத்தை, கருவியைக் கண்டிராத நண்பரிடம் கொடுங்கள். எது அழியும், எது மீளும், எங்கே நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் குறை நண்பரிடம் இல்லை, குறிப்பில்தான்.