கேயாஸில் பிறக்குமா குவாண்டம் தற்செயல்?

ஒரு மின்தடை, ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒரு சுவா டையோடு, சைன் அலை தரும் ஒரு மின்மூலம். 1994-இல் முரளி, லக்ஷ்மணன், சுவா மூவரும் அறிமுகப்படுத்திய மின்சுற்றில் இவ்வளவுதான் இருக்கிறது. அதன் சமன்பாடுகளில் தற்செயலுக்குத் துளியும் இடமில்லை. ஆனாலும் சில நிலைகளில் அதன் மின்னழுத்தம் நீண்டநேரக் கணிப்புக்கு அடங்காமல் அலைகிறது. இதுதான் கேயாஸ். தொடக்கப் பிழை படிக்குப் படி இரட்டிப்பாகும் கேயாஸில், பத்து இலக்கத் துல்லியம் 33 படிகளில் கரைந்துவிடும். அப்படியென்றால், ஒரு ரேடியம் அணு எந்த நொடியில் சிதையும் என்பதையும் இப்படியொரு மறைவான இயக்கம்தான் தீர்மானிக்கிறதா?

இந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். ‘காரணமே கிடையாது’ என்று கைவிரிப்பதைவிட அது நேர்மையானது, பலனும் தந்திருக்கிறது. டேவிட் போம் 1952-இல் முன்வைத்த கோட்பாட்டில் துகளுக்குத் திட்டவட்டமான பாதை உண்டு. அலை அதை வழிநடத்துகிறது. இயற்பியலாளர்கள் வாலன்டினியும் வெஸ்ட்மனும் 2005-இல் ஓர் இருபரிமாணப் பெட்டிக்குள் அந்தப் பாதைகளைக் கணித்துப் பார்த்தார்கள். துகள்களின் தொடக்கப் பரவல் தவறாக இருந்தும், பாதைகள் தாறுமாறாகப் பின்னிக் கலந்ததில் அது மாக்ஸ் போர்ன் 1926-இல் சொன்ன நிகழ்தகவு விதியை நெருங்கியது. மற்ற இடங்களில் எடுகோளாக நிற்கும் விதி, இங்கே விளைவாக வருகிறது. கேயாஸ் தரப்பின் மிகப் பெரிய வெற்றியாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் தற்செயலை மட்டும் விளக்கினால் போதாது. பின்னிப் பிணைந்த இரு ஃபோட்டான்களில் ஒன்றைத் தாம்பரத்திலும் மற்றதைத் தரமணியிலும் அளப்பதாகக் கொள்வோம். நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். அதைக் கடக்க ஒளிக்கே 50 மைக்ரோ நொடி வேண்டும். அதற்குள் இரண்டு அளவீடுகளும் முடிந்துவிட்டால் ஒன்றின் செய்தி மற்றதை எட்டாது. ஜான் பெல் 1964-இல் தொடங்கிவைத்த வாதத்தின்படி, ஒவ்வொரு ஃபோட்டானும் தன் விடையைத் தன்னுள்ளேயே சுமந்து வந்தால், நான்கு ஒப்பீடுகளிலிருந்து பெறும் ஒரு கூட்டுத்தொகை 2-ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் கணக்கோ 2.83 வரை அனுமதிக்கிறது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் எலக்ட்ரான்களைக் கொண்டு நடந்த சோதனையில் 2.42 கிடைத்தது.

உள்ளே நடப்பது கேயாஸா, கடிகாரம் போன்ற இயக்கமா என்று பெல் கேட்கவே இல்லை. அதனால் எவ்வளவு சிக்கலான கேயாஸைப் புகுத்தினாலும் அந்த எல்லை அசையாது. போம் தப்புவது கேயாஸால் அல்ல. அவருடைய அலை தொலைவைப் பொருட்படுத்தாததால்.

பெல்லின் எல்லையிலிருந்து தப்ப இன்னொரு வழியும் உண்டு. அளக்கும் கருவியை எப்படித் திருப்புவது என்ற நம் தேர்வும் முன்பே ஃபோட்டானோடு பிணைக்கப்பட்டிருக்கலாம் என்கிறார்கள் ’ட் ஹூஃப்ட், டிம் பால்மர் போன்ற இயற்பியலாளர்கள். 2018-இல் வெளியான ஒரு சோதனை அந்தத் தேர்வைத் தொலைதூரக் குவேசார்களின் ஒளியிடமே விட்டது. பிணைப்பு இருந்தால் அது 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து நிர்ணயவாதத்தைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை.

தாம்பரத்தின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து, 1980களில் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநரான இ.சி.ஜி. சுதர்சன், 1976-இல் எதிர்த்திசையில் நடந்தார்: மரபு இயக்கத்தையே, சில அளவுகள் நம் பார்வைக்கு எட்டாத ஒரு குவாண்டம் அமைப்பாக எழுதினார். அந்தத் திசையே எனக்கு வளமாகப் படுகிறது. ஆனாலும் கேயாஸ் தரப்பு வெல்ல ஒரு வழி மிச்சமிருக்கிறது. வாலன்டினி சொல்வதுபோல் பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் போர்னின் விதி இன்னும் நிலைபெறாமல் இருந்திருந்தால், அண்டப் பின்னணிக் கதிர்வீச்சில் அந்தப் பிசகின் தடம் பதிந்திருக்கக்கூடும். அங்கே தேட வேண்டும்.