ஒரு கிலோ ட்ரிகரும் ஒற்றைக் கையும்

2024 ஆகஸ்ட் 3. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகள் நடந்த ஷாத்தரூ ரேஞ்சில் மகளிர் 25 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்று. எட்டாவது தொடர் முடிந்தபோது இந்தியாவின் மனு பாக்கருக்கும் ஹங்கேரியின் வெரோனிகா மயோருக்கும் தலா 28 ஹிட். வெளியேறுவது யார் என்பதைத் தீர்மானிக்க ஐந்து தோட்டா ஷூட்-ஆஃப். மயோர் நான்கு அடித்தார், மனு மூன்று. மூன்றாவது பதக்கம் கைநழுவியது என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எழுதியதில் தவறில்லை. ஆனால் தகுதிச் சுற்றும் இறுதியும் நடந்த அந்த இரண்டு நாட்களில் நாம் பார்த்த ஆட்டத்தின் நுணுக்கம் நான்காம் இடம் என்ற செய்திக்கு அடியில் புதைந்துபோனது. அதைத் தோண்டி எடுக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. மனு அதற்கு முன் வென்ற இரண்டு பதக்கங்களுக்குப் பிறகு நம் திருத்தணியிலும் சுற்றுக் கிராமங்களிலும் "நல்ல பிஸ்டல் எது சார், எங்கே வாங்கலாம்?" என்று கேட்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிவிட்டார்கள்.

முதலில் ஸ்கோரைப் பார்ப்போம். தகுதிச் சுற்றில் மனு எடுத்தது 600க்கு 590. இரண்டாம் இடம். நிதானமாகச் சுடும் பிரிசிஷன் பகுதியில் 294, விரைவுப் பகுதியான ராபிடில் 296. பிரிசிஷனில் ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம் தருகிறார்கள். ராபிடில் ஒரு தோட்டாவுக்கு மூன்றே விநாடி. பச்சை விளக்கு எரியும்வரை கை தாழ்ந்திருக்க வேண்டும். எரிந்ததும் தூக்கி, குறி சேர்த்து, அழுத்தி முடிக்க வேண்டும். அடுத்த ஏழு விநாடி காத்திருப்பு. அவசரத்தில் சுட்டதற்கு ஏன் அதிகப் புள்ளி? பிரிசிஷன் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர், ராபிட் அட்டையில் 10 சென்டிமீட்டர். வட்டம் பெரிது, நேரம் சிறிது. எனவே 294ஐவிட 296 பெரிய சாதனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் இரண்டு வேறு சோதனைகள். ஒரே கை, ஒரே துப்பாக்கி இரண்டிலும் தேற வேண்டும் என்பதுதான் இந்தப் போட்டியின் அழகு. இறுதிச் சுற்றில் இன்னும் கொடுமை. 10.2க்குக் குறைந்தால் அது ஹிட்டே இல்லை. 10.1 அடித்தாலும் பூஜ்யம்தான்.

இந்த விளையாட்டின் கருவி பாயின்ட் 22 ரிம்ஃபயர் பிஸ்டல். தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே தீ மருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பில் அடித்ததும் வெடிக்கும். இன்று உலகெங்கும் சுடப்படும் பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் வந்தது. ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ இரண்டரை கிராம். போட்டிக்கான ரகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் பறக்கும். பெரிய துப்பாக்கிகளைப் போல உதைக்காது. இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. நான் இதைத்தான் இதன் மொத்தப் பெருமையாகச் சொல்வேன். உதை பலமாக இருந்தால் தவறு அந்த அதிர்ச்சியில் மறைந்துவிடும். பாயின்ட் 22இல் மறைய இடமில்லை. தோட்டா புறப்பட்ட கணத்தில் முன்சைட் எங்கே நின்றது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். "இது ஒன்பது, இடது பக்கம் கீழே" என்று திரையைப் பார்க்கும் முன்பே சொல்லப் பழகியவர்தான் ஷூட்டர். அப்படிச் சொல்லி, திரையிலும் அதே இடத்தில் புள்ளி விழும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, பதக்கம் வாங்காதவருக்கும் அது கிடைக்கும்.

தேர்வுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் சொல்வது பிராண்ட் பெயர். இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மொரினி என்று பட்டியல் நீளும். எல்லாமே நல்ல கம்பெனிகள். ஆனால் பெயரைப் பார்த்து வாங்குவது இந்த விளையாட்டில் செய்யும் மிக விலையுயர்ந்த தவறு. நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயங்கள்: கிரிப், ட்ரிகர். குழல் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். இந்த வரிசையில் உள்ள எந்தத் துப்பாக்கியின் குழலும் புதிதாக வருபவரின் கையைவிடத் துல்லியமானது.

கிரிப்பைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. காலி செய்து, காலி என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த துப்பாக்கியை ரேஞ்சில் இலக்கை நோக்கிப் பிடியுங்கள். கண்ணை மூடுங்கள். கையைத் தாழ்த்தி மறுபடி தூக்குங்கள். கண்ணைத் திறந்தால் முன்சைட் பின்சைட்டின் பள்ளத்தில் நடுவாக, இருபுறமும் ஒரே அளவு வெளிச்சத்துடன் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்சைட் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால், அந்த கிரிப் உங்கள் கைக்கு ஆகாது. மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று விநாடியில் மணிக்கட்டைத் திருத்த நேரம் இல்லை. நல்ல பிஸ்டல்களின் வால்நட் கிரிப் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவில் வரும். உள்ளங்கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பலகையை மேலே கீழே நகர்த்தலாம். மீதியை அரத்தால் ராவி, புட்டி வைத்து, மாதக்கணக்கில் ஷூட்டரே சரிசெய்துகொள்வார். ரேஞ்சில் முன்னணி வீரர்களின் கிரிப்பைக் கிட்டத்தில் பாருங்கள். மரத்தூளும் புட்டியுமாக, அழகு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. விரல் பதியும் பள்ளம் மட்டும் கச்சிதமாக இருக்கும்.

இந்த இடத்தில் மிகைல் மார்கோலினைச் சொல்லாமல் போக முடியாது. 1920களில் தலையில் பட்ட காயத்தால் முற்றிலும் பார்வை இழந்த சோவியத் வடிவமைப்பாளர். தடவிப் பார்த்தே உருவம் பிடித்து, மாதிரிகள் செய்து, துப்பாக்கி வடிவமைத்தார். அவர் பெயரிலேயே வழங்கும் மார்கோலின் பிஸ்டல் சோவியத் ஷூட்டர்களின் கையில் பல பத்தாண்டுகள் இருந்தது. பார்வையற்ற ஒருவர் குறிபார்த்துச் சுடும் கருவியைச் செய்தார் என்பதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மேலே சொன்ன கண்மூடிச் சோதனையைச் செய்து பார்த்த பிறகு வியப்பு குறைந்து மரியாதை கூடியது.

இடது கைக்காரர்களுக்குத் தனிக் குறிப்பு: இடக்கை கிரிப் கேட்டு வாங்குங்கள், வலக்கை கிரிப்பில் பழகாதீர்கள். ஹங்கேரியின் கரோலி தகாச்சுக்கு 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை போனது. இடக்கையில் முதலிலிருந்து பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் ராபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். எந்தக் கை என்பது தடையில்லை. அந்தக் கைக்கேற்ற மரம் வேண்டும், அவ்வளவுதான்.

ட்ரிகருக்கு விதி தெளிவு. 25 மீட்டர் பிஸ்டலில் குறைந்தபட்சம் 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் போதும். ஏர் பிஸ்டலில் இருந்து மாறுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஆள்காட்டி விரல் நுனியில் தொங்கவிட்டுப் பாருங்கள், அந்த எடைதான். துப்பாக்கியின் மொத்த எடைக்கும் உச்சவரம்பு 1,400 கிராம்தான். துப்பாக்கியின் எடையில் பெரும்பங்குக்குச் சமமான விசையை, அதை அசைக்காமல், ஒரு விரல் கொடுக்க வேண்டும். நல்ல ட்ரிகரில் முதல் கட்டம் எடையின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு ஒரு சுவரில் வந்து நிற்கும். அதற்குப் பின் மிச்ச எடையை ஏற்றும்போது இழுபடாமல், உரசாமல், சட்டென்று விட வேண்டும். விரலுக்கு அந்தச் சுவர் தெளிவாகத் தெரியவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. வீட்டில் தோட்டா இல்லாமல் ட்ரிகர் பழகுவது எல்லா ஷூட்டர்களும் செய்வது. ரிம்ஃபயரில் இதைக் கண்மூடித்தனமாகச் செய்தால் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் மோதி விளிம்பைச் சப்பையாக்கிவிடும். போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. இல்லாததில் போலித் தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும். தோட்டா விஷயமும் இப்படித்தான், ஒரு துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் ரகம் இன்னொன்றில் சிக்கும். மூன்று நான்கு ரகம் சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுவதை முதலில் தேர்ந்தெடுங்கள். அட்டையில் நெருக்கமாக விழுவதைப் பிறகு பார்க்கலாம். டோக்கியோவில் மனுவுக்கு என்ன நடந்தது என்பது மறந்திருக்காது. 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. 575 எடுத்து, இரண்டே புள்ளியில் இறுதியைத் தவறவிட்டார். நம்பகம் என்ற சொல்லுக்கு ரேஞ்சில் அவ்வளவு விலை.

இனி ஊர் விஷயம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பலூன் சுட்டுப் பரிசு வாங்கிய பையனுக்கும் பாயின்ட் 22 பிஸ்டலுக்கும் நடுவே சட்டம் நிற்கிறது. ரிம்ஃபயர் பிஸ்டல் ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படும் துப்பாக்கி. 21 வயது ஆக வேண்டும். விண்ணப்பிக்க வேண்டிய இடம் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம். வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் சலுகை, தேசியப் போட்டியில் குறிப்பிட்ட ஸ்கோர் எடுத்து அங்கீகாரம் பெற்ற ஷூட்டர்களுக்குத்தான். பணம் இருக்கிறது என்பதற்காகக் கிடைத்துவிடாது. நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆந்திராவின் நகரியும் புத்தூரும் நமக்குப் பக்கத்து ஊர்கள், காய்கறி வாங்கவும் கல்யாணத்துக்கும் போய்வருகிறோம். ஆனால் உரிமத்தில் தமிழ்நாடு மட்டும் என்று எழுதியிருந்தால் எல்லைக்கு அப்பால் அந்தத் துப்பாக்கி சட்டவிரோதம். திருப்பதிப் பக்கம் போட்டிக்குப் போகிறவர்கள் எந்தெந்த மாநிலத்துக்குச் செல்லுபடி என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். பாயின்ட் 177 விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. பாயின்ட் 22ஐப் பொறுத்தவரை, துப்பாக்கி மன்றத்தில் சேர்ந்தால் மன்றத்தின் துப்பாக்கியில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ரேஞ்சுக்குள் சுடலாம். திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கும் எழும்பூர் பக்கம்தான். நடிகர் அஜித்குமார் அங்கே பழகி, 2021இல் சென்னையிலும் 2022இல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கினார். நாற்பது வயதுக்கு மேலும் இந்த விளையாட்டுக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 2012 லண்டனில் 25 மீட்டர் ராபிட் ஃபயரில் வெள்ளி வென்ற விஜய்குமார் அப்போது ராணுவ வீரர். ரேஞ்சும் தோட்டாவும் பயிற்சியும் அவருக்கு ராணுவத்தில் கிடைத்தன. நம் பிள்ளைகளுக்கு அதை மன்றமும் பள்ளியும்தான் கொடுக்க முடியும்.

அதுவரை பழக நமக்கு மலை இருக்கிறது. 365 படி ஏறி மேலே நின்று, அதே ஒரு லிட்டர் பாட்டிலை ஒற்றைக் கையில் தோள் உயரத்துக்கு நீட்டி, எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள். நெஞ்சு அடிக்கும் ஒவ்வொரு அடியும் பாட்டிலின் மூடியில் தெரியும். மூச்சைப் பாதியில் நிறுத்தி, அசைவு அடங்கும் அந்தச் சில விநாடிகளைக் கண்டுபிடியுங்கள். பயிற்சிக்கு மலையில் பாட்டில் போதும். துப்பாக்கி வடிவில் பொம்மையைக்கூட அங்கே கொண்டுபோகாதீர்கள், பக்தர்கள் கூடும் இடம்.

கடைசியாக, பிஸ்டல் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்: முதல் வருடம் எதுவும் வாங்காதீர்கள். மன்றத்தின் ஏர் பிஸ்டலில் ஒரு சீசன் சுடுங்கள். பிறகு மன்றத்தின் பாயின்ட் 22களில் கிடைப்பதையெல்லாம் கையில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றின் ஸ்கோரையும் நோட்டில் எழுதுங்கள். வாங்கும் நாள் வந்தால், பழைய துப்பாக்கியாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணை மூடித் தூக்கும்போது முன்சைட் நடுவில் நிற்பதை வாங்குங்கள். கையில் பிடித்துப் பார்க்காத எந்தத் துப்பாக்கிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.