இரண்டு குரல், ஒரு கையெழுத்து

சங்க அகப்பாடல்களில் ஒரு பழைய உத்தி உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். அது தெரிந்தும் தெரியாததுபோலத் தலைவியும் தோழியும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவனிடம் நேராக ஒரு சொல்லும் சொல்லாமலே, அவன் காதில் விழவேண்டியதெல்லாம் விழுந்துவிடுகிறது. சிறைப்புறமாகச் சொல்லியது என்று இதற்குத் துறை வகுத்திருக்கிறார்கள். அமெரிக்க ஹிப்-ஹாப்பின் பெண் இரட்டையர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வருகிறது. தனியாக ராப் செய்யும் பெண் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவாள், அல்லது எதிராளியைச் சீண்டுவாள். இருவர் என்று ஆகிவிட்டால் பேச்சின் திசையே வேறு. ஒருத்தி தொடங்க, மற்றவள் அதை வாங்கி இன்னும் ஒரு படி ஏற்றிச் சொல்கிறாள். பேசப்படும் ஆண் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த வடிவத்துக்கு வயது ஏறத்தாழ நாற்பது. ஆனால் இதில் இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம்வரை வந்து சேர்ந்தவர்கள் குறைவு. ஃபினெஸ் அண்ட் சின்குவிஸ் 1988இல் ‘சோல் சிஸ்டர்ஸ்’ வெளியிட்டு அதோடு நின்றார்கள். பி.டபிள்யூ.பி. என்ற நியூயார்க் இருவர் 1991இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் கெட்ட வார்த்தைக்கும் பஞ்சமில்லை, காவல்துறையின் அடிதடி மீதான கோபத்துக்கும் பஞ்சமில்லை. அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் நிறுவனத்தின் அலமாரியிலேயே தங்கிவிட்டது. முதல் ஆல்பம் பெரும்பாலும் ஒரு தயாரிப்பாளரின் யோசனையில் பிறக்கிறது. அந்த இருவரிடமும் சொந்தமாக என்ன இருக்கிறது என்பது இரண்டாவதில்தான் தெரியவரும். தெரியவிடாமல் செய்வதும் அங்கேதான் நடக்கும். இரண்டாம் ஆல்பத்தைச் ‘சறுக்கல்’ என்று எழுதிவிட்டுப் போகிற விமர்சகர்கள் மெட்டை மட்டும் கேட்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சால்ட்-என்-பெப்பாவிலிருந்துதான் தொடங்கவேண்டும். செரில் ஜேம்ஸ், சாண்ட்ரா டென்டன் இருவரும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சியர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அங்கேயே வேலை பார்த்த ஹெர்பி அசோர், தன் கல்லூரிப் பயிற்சிக்காக ஒரு பாடலைப் பதிவுசெய்ய இவர்களை அழைத்தார். 1985இல் வந்த ‘தி ஷோஸ்டாப்பர்’ அப்படிப் பிறந்தது. டக் ஈ. ஃபிரெஷ்ஷின் ‘தி ஷோ’ பாடலுக்கு எதிர்ப்பாட்டு அது. 1986இல் முதல் ஆல்பமான ‘ஹாட், கூல் அண்ட் விஷஸ்’ வந்தது. ‘புஷ் இட்’ முதலில் ‘ட்ராம்ப்’ பாடலின் பின்பக்கத்தில் அடைக்கப்பட்ட ஒன்றுதான். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கேமரன் பால் என்ற டிஜே அதை மறுகலவை செய்தபிறகு அது உலகம் சுற்றியது. 1988 ஜூனில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக நடந்த இசைவிழாவில் அவர்கள் அதைப் பாடினார்கள். பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை அது ஏறியது. பெண்கள் ராப் குழு ஒன்று பிளாட்டினம் விற்பனையைத் தொட்டதும் அந்த முதல் ஆல்பத்தில்தான்.

அதே 1988இல், இந்த வெற்றி சூடு ஆறும் முன்பே, நெக்ஸ்ட் பிளாட்டூ நிறுவனம் இரண்டாவது ஆல்பத்தை இறக்கியது: ‘எ சால்ட் வித் எ டெட்லி பெப்பா’. இந்த ஆல்பத்தை நான் விரும்பிக் கேட்பவன் அல்ல. ஆனால் திரும்பத் திரும்ப ஆராயத்தக்கது என்று நினைக்கிறேன். இதன் முதன்மைப் பாடலான ‘ஷேக் யுவர் தாங்’, ஐஸ்லி பிரதர்ஸின் ‘இட்ஸ் யுவர் தாங்’ பாடலின் மேல் கட்டியது. வாஷிங்டனின் கோ-கோ இசைக்குழுவான ஈ.யு. அதில் வாசித்தது. கோ-கோவில் தாளம் நிற்பதே இல்லை. காங்கா மேளமும் டிரம்ஸும் பாடல்களுக்கு இடையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தின்மேல் இரண்டு பெண்கள் ‘என் உடம்பு, என் ஆட்டம், உனக்கென்ன’ என்ற தொனியில் பேசுகிறார்கள். அந்த ஒரு பாடலில் வேலி உயரமாக, உறுதியாக நிற்கிறது. அடுத்து ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ வருகிறது. ஐஸ்லி பிரதர்ஸ் பாடி, பீட்டில்ஸ் பாடி, கல்யாண வீடுகளிலெல்லாம் தேய்ந்துபோன பாட்டு. பிரிட்டனில் அது முதல் ஐந்துக்குள் வந்தது என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்கும் சந்தையை மனதில் வைத்துத் தயாரிப்பாளர் செய்த தேர்வு அது. பாடும் குரல்களுக்கு அதில் வேலை இல்லை.

பழைய பாடலின் முதுகில் ஏறுவது ஹிப்-ஹாப்பில் குற்றமல்ல, அதன் இலக்கணமே அதுதான். சிக்கல் வேறு. முதல் ஆல்பத்தைப் போலவே இதிலும் தயாரிப்பு அசோருடையது, பாடல்களில் பெரும்பாலானவற்றின் எழுத்தும் அவருடையது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகக் கேட்கும் உரையாடலை ஒரு ஆண் எழுதித் தருகிறார். நன்றாகவே எழுதினார், அதை மறுக்கமுடியாது. அகப்பாடலிலும் தலைவி கூற்றை எழுதிய புலவர்கள் பலர் ஆண்கள்தாம். ஆனால் அங்கே புலவன் தன் பெயரில் பாடுகிறான். இங்கே அந்தக் குரல் அவளுடைய சொந்த வாக்குமூலமாக விற்கப்படுகிறது. ‘ஸ்பின்டரெல்லாஸ் நாட் எ ஃபெல்லா’ என்று குழுவின் டிஜே டீட்ரா ரோப்பருக்கென்றே ஒரு பாடல் இருக்கிறது. டிஜே பெண்தான் என்று தனியாக அறிவிக்கவேண்டியிருந்த காலம்! பெயரில் இருவராகவும் மேடையில் மூவராகவும் இருந்த குழு, மூன்றாமவளை இப்படித்தான் அறிமுகம் செய்தது.

விற்பனை முதல் ஆல்பத்தைவிடக் குறைந்தது. கோல்டு சான்றிதழோடு நின்றது. இந்தச் சரிவைக் கெடுதலாக நான் பார்க்கவில்லை. அசோரின் சூத்திரம் தோற்கக்கூடியது என்று அந்த இருவருக்கும் காட்டியது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அடுத்துவந்த ‘பிளாக்ஸ் மேஜிக்’ (1990) ஆல்பத்தின் ‘எக்ஸ்பிரஷன்’ பாடலைச் செரில் ஜேம்ஸ் தானே எழுதித் தானே தயாரித்தார். பில்போர்டின் ராப் வரிசையில் எட்டு வாரம் அது முதலிடத்தில் இருந்தது. இடையில் இன்னொன்றும் நடந்தது. 1989 பிப்ரவரியில் கிராமி முதன்முதலாக ராப்புக்கு ஒரு விருது வைத்தது. ஆனால் அதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்தது. ‘புஷ் இட்’டுக்காகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த இவர்கள் விழாவைப் புறக்கணித்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கிராமி இவர்கள் கைக்கு வர 1995 ஆனது.

மயாமியின் லட்ரிம் நேர்மாறான கதை. லேடி டைக்ரா, பன்னி டி என்ற இரண்டு பதின்வயதுப் பெண்கள், காரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் அதிர்கிற பையன்களைப் பற்றிக் கிளுகிளுத்துக்கொண்டே பாடி 1988இல் பிரபலமானார்கள். மறு ஆண்டே ‘ட்ராப் தட் பாட்டம்’, 1991இல் மூன்றாவது ஆல்பம், அத்துடன் முடிந்தது. சின்னப்பிள்ளைத்தனம் என்று அவர்களை ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கோ, ஒருத்தி வரியை மற்றவள் பிடுங்கி முடிக்கும் அந்த அவசரம் சால்ட்-என்-பெப்பாவின் இரண்டாம் ஆல்பத்தில் பல இடங்களில் இல்லாத உயிரோடு கேட்கிறது.

இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டிச் சியாட்டிலுக்கு வந்தால் தீசாட்டிஸ்ஃபாக்‌ஷன். ஸ்டேசியா அயர்ன்ஸ் ராப் செய்வார், கேத்தரின் ஹாரிஸ்-வைட் பாடுவார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர்கள், ஒருகாலத்தில் வாழ்க்கையிலும் இணையராக இருந்தவர்கள். சப் பாப் நிறுவனம் 2012இல் முதல் ஆல்பத்தையும் 2015இல் ‘எர்த்தீ’யையும் வெளியிட்டது. ‘எர்த்தீ’யைக் கேட்டால் நான் தொடக்கத்தில் சொன்ன ஏற்பாடே கலைந்துபோகிறது. வேலிக்கு வெளியே எந்த ஆணும் இல்லை. அவன் கேட்கவேண்டும் என்ற கவலையும் இல்லை. ராப் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியாதபடி இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. பீட் தாழ்ந்து, மங்கி, அவசரமில்லாமல் நடக்கிறது. பூமி, கறுப்புடல், வெளி என்று பேச்சு விரிகிறது. சில இடங்களில் இந்த மந்தம் அலுப்புத் தட்டுவதும் உண்மை. ஆனால் இந்த வரிசையில் இருவரின் சொந்தக் கைவேலை என்று தயங்காமல் சொல்லத்தக்க இரண்டாம் ஆல்பம் இதுதான். அடுத்த ஆண்டே அவர்கள் பிரிந்தார்கள்.

சிட்டி கேர்ள்ஸ் மறுபடி மயாமி. யங் மயாமி, ஜேடி என்ற இருவரும் 2018இல் எழும்பும் வேளையில், கிரெடிட் கார்டு மோசடி வழக்கில் ஜேடி சிறைக்குப் போனார். அவர் உள்ளே போன அதே ஜூன் 29 அன்று அவர்கள் குரல் இடம்பெற்ற டிரேக்கின் ‘இன் மை ஃபீலிங்ஸ்’ வெளியாகி உலகமெங்கும் ஒலித்தது. அந்த ஆண்டே வந்த முதல் ஆல்பத்தின் ‘ஆக்ட் அப்’ பாடலில் பெரும்பகுதியை எழுதியது தானே என்று லில் யாட்டி பிறகு சொன்னார். 1988இன் கேள்வி அப்படியே திரும்பிவந்தது. 2020 ஜூனில் வந்த ‘சிட்டி ஆன் லாக்’, ஜேடி விடுதலையான பிறகு இருவரும் சேர்ந்து செய்த இரண்டாம் ஆல்பம். திட்டமிட்டபடி வரவில்லை, கசிந்துவிட்டதால் அவசரமாக வெளியிட்டார்கள். கிளப்புக்கென்றே செய்த ஆல்பம், கிளப்பெல்லாம் பூட்டிக்கிடந்த கொரோனா மாதத்தில் வந்தது. வேலைக்குப் போவது எங்களுக்கு ஒத்துவராது என்று இளக்காரம் பேசும் ‘ஜாப்ஸ்’ பாடல், அமெரிக்காவில் வேலையின்மை 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தபோது வெளியானது. இங்கே வேலிக்கு வெளியே நிற்கும் ஆண் காதலன் அல்ல, பணப்பை. அவனிடம் எவ்வளவு கறக்கலாம் என்று இரண்டு பேரும் விலை பேசுகிறார்கள். கொச்சை என்று முகம் சுளிப்பது எளிது. குறைந்தபட்சம் இங்கே கணக்கு வழக்கு வெளிப்படையாக இருக்கிறது. 2023இல் மூன்றாவது ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டு இருவரும் தனித்தனி வழியில் போனார்கள்.

சப் பாப் 2019இல் சேர்த்துக்கொண்ட இன்னொரு இணை, கார்டெல் மெட்ராஸ். சென்னையில் பிறந்து கனடாவின் கால்கரியில் வளர்ந்த அக்கா தங்கை. தங்கள் பாணிக்குக் ‘கூண்டா ராப்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். ‘ஏஜ் ஆஃப் தி கூண்டா’ ஆறேழு பாட்டுள்ள சிறு தொகுப்புதான் என்றாலும் அதில் ஒருத்தி மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவள் நுழையும் வேகம், இரண்டு பேருக்கும் பேனா உண்டு என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டுகிறது.

2025 மே மாதத்தில் சால்ட்-என்-பெப்பா யுனிவர்சல் மியூசிக் மீது வழக்குத் தொடுத்தார்கள். படைப்பாளி ஒருமுறை எழுதிக்கொடுத்த பதிப்புரிமையை 35 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெறலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். அதன்படி தொடக்கக்காலப் பதிவுகளைத் தங்களிடம் தரவேண்டும் என்று கேட்டார்கள். அவை கூலிக்குச் செய்த வேலை என்றும், திரும்பக் கேட்க உரிமையே எழவில்லை என்றும் நிறுவனம் வாதிட்டது. 1986 ஒப்பந்தங்களை நெக்ஸ்ட் பிளாட்டூவோடு செய்துகொண்டது அசோரின் தயாரிப்பு நிறுவனம்.