ஸ்ட்ரிக்சர்: பொருளும் வழக்கும்

ஸ்ட்ரிக்சர் என்பது கடுமையான குறைகூறலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அன்றாடப் பேச்சில் அரிதாகவும், நீதிமன்றத் தீர்ப்பு, தலையங்கம், நூல் மதிப்புரை ஆகியவற்றில் மிகுதியாகவும் வரும். மாணவர் சிலர் இதை அமைப்பு எனப் பொருள்படும் ஸ்ட்ரக்சருடன் குழப்பிக்கொள்வதுண்டு.

பொருள்

இறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லே இதன் வேர். ஸ்ட்ரிக்ட் என்பதும் அதே வேரில் பிறந்ததே. மருத்துவத்தில் இச்சொல் சிறுநீர்க்குழாய், உணவுக்குழாய் போன்றவற்றில் ஏற்படும் சுருக்கத்தைக் குறிக்கும். பொது வழக்கில் கட்டுப்பாடு என்றும் பொருள்படும். குறைகூறல் என்ற பொருளில் பெரும்பாலும் பன்மையில் வரும். ஹன்னா மோர் 1799-இல் பெண்கல்வி முறையைக் குறைகூறி எழுதிய நூலின் தலைப்பிலும் இச்சொல் உண்டு.

நீதிமன்ற வழக்கு

இந்தியாவில் இச்சொல் நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி காணப்படுகிறது. தீர்ப்பில் ஓர் அதிகாரியைக் குறைகூறி நீதிபதி எழுதும் கருத்தே ஸ்ட்ரிக்சர். அது தண்டனை அன்று. ஆயினும் அவருடைய நற்பெயரையும் பணிவாழ்வையும் பாதிக்கக்கூடும். உத்தரப் பிரதேசக் காவல்துறை முழுவதையும் சாடி அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் எழுதிய கருத்துகளை நீக்கக் கோரி, அம்மாநில அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1963-இல் உச்சநீதிமன்றம் அவற்றை நீக்கியது. இத்தகைய கருத்தை எழுதுமுன் மூன்று வினாக்களைக் கருத வேண்டும் என்றும் கூறியது: குறைகூறப்படுபவருக்கு விளக்கம் தர வாய்ப்புக் கிடைத்ததா? கருத்துக்கு ஆதாரமான சான்று வழக்கில் உள்ளதா? வழக்கைத் தீர்க்க அக்கருத்து தேவையா?

தமிழாக்கம்

நாளிதழ்கள் இதைக் கண்டனம் என்றே எழுதுகின்றன. கட்சிகள் நடத்தும் கண்டன ஆர்ப்பாட்டத்துக்கும் அதே சொல்தான். ஆர்ப்பாட்டக் கண்டனத்துக்கு மேற்சொன்ன வரம்புகள் எவையும் இல்லை. தீர்ப்பில் இடம்பெறும் கண்டனத்துக்கு உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இவ்வேறுபாடு வாசகருக்குத் தெரியாமல் போகிறது. திறனாய்வு என்பதும் பொருந்தாது. அது நிறை, குறை இரண்டையும் சீர்தூக்குவது. ஸ்ட்ரிக்சர் குறையை மட்டுமே சுட்டும்.

எனவே, நீதிமன்றச் செய்தியில் கண்டனக் குறிப்பு எனவும், இலக்கியக் கட்டுரையில் கடுங்குறைகூறல் எனவும், மருத்துவத்தில் குழாய்ச்சுருக்கம் எனவும் இடமறிந்து எழுதுவதே தகும்.