கைகோத்த சகோதரிகள்

2016-ம் ஆண்டு ஆகஸ்ட் 14-ம் தேதி ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் ஓட்டம் நடந்தது. அதில் முதலாவதாக வந்த கென்ய வீராங்கனை ஜெமிமா சும்கோங்கின் முகம் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? (அடுத்த ஆண்டே அவர் ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கினார், அது வேறு கதை.) ஆனால் 81-வதாகவும் 82-வதாகவும் வந்த இருவரின் படம் உலகமெல்லாம் சுற்றியது. ஜெர்மானிய இரட்டையர்களான அன்னா ஹானரும் லிசா ஹானரும் கைகோத்து, சிரித்த முகத்துடன் முடிவுக் கோட்டைத் தாண்டும் படம் அது.

ஜெர்மன் தடகளச் சங்கத்தின் அதிகாரி தாமஸ் குர்ஷில்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏதோ ஊர்த் திருவிழா ஓட்டம் ஓடியதுபோல் இருக்கிறது, பத்திரிகைகளின் கண்ணில் படுவதே இவர்கள் நோக்கம் என்று கண்டித்தார். கணக்கு என்னவோ அவர் பக்கம்தான். 2014-ல் பெர்லினில் 2 மணி 26 நிமிஷம் 44 விநாடியில் ஓடி முடித்த அன்னாவுக்கு ரியோவில் 2 மணி 45 நிமிஷம் 32 விநாடி பிடித்தது. அதே ஓட்டத்தில் 44-வதாக வந்த மற்றொரு ஜெர்மானியர் அன்யா ஷெர்லைப் பற்றி யார் பேசினார்கள்? ஓடிய நேரத்தைக் கண்டித்திருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை. கோத்த கையைக் கண்டித்ததுதான் வேடிக்கை.

சகோதரிகள் இணையத்தில் வெகு நாளாகவே ரசிகர்களைச் சேர்த்து வந்தவர்கள். ‘ஹானர் ட்வின்ஸ்’ என்பது ஏறக்குறைய ஒரு வியாபாரப் பெயர். அதில் பாவம் என்ன? நெடுந்தூர ஓட்டக்காரருக்குக் கால்பந்தாட்டக்காரரைப் போல் கொட்டிக் கொடுப்பவர் யாருமில்லை. ரசிகர்கள் இருந்தால் காலணிக் கம்பெனி தேடி வரும். வாரா வாரம் “தொடரும்” போட்டுப் பிழைக்கும் நான் இதற்கு முகம் சுளிப்பது நியாயமாகாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதே ஓட்டத்தில் வட கொரியாவின் இரட்டையர்கள் கிம் ஹே-சோங், கிம் ஹே-கியோங் இருவரும் 10-வதாகவும் 11-வதாகவும் வந்தார்கள். இருவருக்கும் ஒரே நேரம்: 2 மணி 28 நிமிஷம் 36 விநாடி! இதைவிடப் பெரிய அதிசயம் உண்டா? ஆனால் இவர்களுக்காக முன்கூட்டியே வாசகர்களைத் திரட்டி வைத்தவர் யாருமில்லை. கதை இருந்தது, சொல்ல ஆளில்லை.

ஹானர் சகோதரிகளின் படத்தைப் பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. அது அதிகாரியின் குறையல்ல. முடிவுக் கோட்டுக்குச் சுமார் 300 மீட்டர் இருக்கையில் லிசா சற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தாராம். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டித் தங்கையோ அக்காவோ, அவளை எட்டிப் பிடித்ததாக அன்னாவே பிறகு சொன்னார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடித் துவண்ட கால்கள், எதிரே தன் முகத்தையே கொண்டவளின் முதுகு, பிடித்துவிடலாமா என்ற தவிப்பு. ஓட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. படத்தில் அதன் சுவடு கூட இல்லை. இரண்டு சிரிப்புகள்தான் இருக்கின்றன. நானாயிருந்தால் அந்த 300 மீட்டரில் ஆரம்பித்து, கை தொடுவதற்கு ஒரு அடி முன்னாலேயே பேனாவை மூடி வைத்திருப்பேன்.