காத்திருப்பை ரசிப்பது எப்படி?

நவம்பர் கடைசியிலேயே ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர்த் தெருக்களில் காகித நட்சத்திரம் ஏறிவிடுகிறது. கேரல் ரவுண்ட்ஸுக்கும் தேதி குறித்தாகிவிடுகிறது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக்காலத்தை முன்னதாகவே வந்துவிட்ட கிறிஸ்துமஸாக எண்ணுகிறவர் அதன் சுவையில் பாதியை இழக்கிறார். கத்தோலிக்கக் கோயிலுக்குள் போய்க் கவனியுங்கள். குருவின் உடை ஊதா. ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் கிடையாது. குடில் கட்டியாகிவிட்டாலும் தீவனத்தொட்டி 24ஆம் தேதி இரவுவரை காலிதான். முதல் ஞாயிற்று நற்செய்தியில் குழந்தையும் இல்லை, இடையரும் இல்லை. விழித்திருக்கச் சொல்லும் எச்சரிக்கை இருக்கிறது. வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டில், மூன்றாம் ஞாயிறன்று நாம் கேட்பது ஒரு கைதியின் கேள்வி. சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் இயேசுதானா என்று ஆளனுப்பி விசாரிக்கிறார். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர்பெற்ற நாளில் சிறைக்குரலை வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். கைக்கு வராத ஒன்றை நம்பி நிற்பதில்தான் இக்காலத்தின் மகிழ்ச்சி இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நம் மாநிலத்திலேயே ஒருவர் இருக்கிறார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். சொத்தும் கால்நடையும் போய்க் கலங்கியிருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பலரும் அந்தத் துப்பாக்கிச் சூட்டோடு நின்றுவிடுகிறார்கள். நான் நிற்கச் சொல்வது அதற்கு முந்தைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில். 1749 பிப்ரவரியில் கைது. எருமைமேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம். பெருவிளையில் வேப்பமரத்தோடு சங்கிலி. என்றைக்கு முடிவு என்று தெரியாமலே மனம் மாறாதிருந்தார். பார்க்க வந்தவர்களுக்காக ஜெபித்தார். ஒரு நொடித் துணிச்சலைவிட இது கடினம். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அது அவ்வாண்டுத் திருவருகைக்கால முதல் ஞாயிறு. தற்செயலோ என்னவோ, பொருத்தம் அசலானது.

பண்டிகை நெருங்கும்போது கொலைக்கதை எதற்கு என்பார்கள். திருச்சபையே கிறிஸ்துமஸின் மறுநாளை, டிசம்பர் 26ஐ, முதல் மறைசாட்சி ஸ்தேவானுக்குக் கொடுத்திருக்கிறது. தேவசகாயத்துக்குக் கிடைத்த தண்டனை அரச துரோகத்துக்கானதே, மதத்துக்கானதல்ல என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. குற்றப்பத்திரிகையில் எது எழுதப்பட்டாலும், நம்பிக்கையைக் கைவிடாமல் அவர் காத்திருந்த விதம்தான் இங்கே நமக்குப் பாடம். இத்தனை வாரம் இழுப்பானேன் என்ற அலுப்புக்கு ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புக்காரர்களே பதில் வைத்திருக்கிறார்கள்: குரோம் தோல் சில நாளில் பதமாகிவிடும், ஆவாரம்பட்டைத் தோல் வாரக்கணக்கில் ஊறியாக வேண்டும். கடினமான ஆட்சேபம் ஆம்பூர் லுத்தரன் குடும்பங்களிலிருந்து வரலாம்: கத்தோலிக்கப் புனிதரோடு எங்களுக்கு என்ன? அவர்களுடைய 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 21ஆம் பிரிவு, புனிதர்களிடம் மன்றாடுவதை மறுக்கிறது. ஆனால் புனிதர்களின் விசுவாசத்தைப் பின்பற்றுவதற்காக அவர்களை நினைவுகூர்வதை ஏற்கிறது. தேவசகாயத்திடம் எதையும் கேட்காமலே, அவருடைய சிறைவாசத்தை வாரம் ஒரு பகுதியாக, யோவானின் சிறைவாசத்தோடு சேர்த்து லுத்தரன் குடும்பங்களும் வாசிக்கலாம்.